எருவுக்குள் மல்லாக்க ஓடிய புழு: யாராவது பார்த்திருக்கிறீர்களா?

மாடித்தோட்டக்காரி:
இலைதழை மட்கிய தொட்டியைச் சிமெண்ட் தரையில் கவிழ்த்தேன். சுண்டுவிரல் மொத்தத்தில் வெள்ளைப் புழு, வண்டுப் புழுதான். சுருண்டு கிடந்தது சட்டென்று நிமிர்ந்து மல்லாந்தது. ஆறு காலும் மேலே பார்க்க, முதுகாலேயே விறுவிறுவென்று நகர்ந்தது. குச்சியால் குப்புறப் போட்டேன். மறுபடி மல்லாந்து, போன திசையிலேயே போனது. முதுகில் அலையலையாகச் சுருக்கம். கண்ணை விட்டு அகலவே இல்லை.

தென்னந்தோப்பு:
அது காண்டாமிருக வண்டுப் புழு அம்மா. நசுக்கிவிடுங்கள். எங்கள் எருக்குழியைக் கிளறினால் கட்டைவிரல் மொத்தத்தில் வரும். வண்டாகிக் குருத்தைக் குடைந்தால், விரிகிற மட்டையெல்லாம் முக்கோணமாக வெட்டுப்பட்டு நிற்கும். பார்த்தால் வயிறு எரியும்.

வண்டுப்பிரியன்:
அண்ணா, மல்லாக்கப் போனால் அது காண்டாமிருக வண்டு இல்லவே இல்லை. பூவண்டு வகைப் புழு. கால் குட்டை, தலை சிறிசு. முதுகிலுள்ள முரட்டு மயிர்தான் தரையைப் பற்றும். மட்கியதைத்தான் தின்னும். இரண்டையும் ஒரே தட்டில் விட்டுப் பார்த்தேன். ஒன்று மல்லாந்து விளிம்புவரை போய்விட்டது. பெரிய தலைக்காரன் ஒருக்களித்துச் சுருண்டபடி கிடந்த இடத்திலேயே கிடந்தான்.

மானாவாரி:
தரையில் போவது இருக்கட்டும், மண்ணுக்குள் போவதை நான் பார்த்தேன். வாடிய கடலைச் செடியை இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வந்தது. கொத்தினேன், வேர்ப்புழு. தாடையால் மண்ணைக் கடித்துப் பின்னுக்குத் தள்ளியபடி கண்ணெதிரே இறங்கியது. போன வழி பின்னாலேயே மூடிக்கொண்டது, துளையே இல்லை. வயலில் தடம் தெரியாதது அதனால்தான்.

கடலை போடுகிறவர்கள் கேளுங்கள். ஈரம் இருந்தால் வேர் மட்டத்தில் மேயும், மண் காய்ந்தால் கீழே இறங்கிவிடும். கூட்டுப்புழுவாவதும் ஆழத்தில்தான். அதனால் கோடை உழவை ஆழமாக ஓட்டுங்கள். மேலே வந்ததைக் காக்கையும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். முதல் கோடைமழைக்கு அப்புறம் பொழுது சாய்ந்ததும் வேம்பிலும் கருவேலத்திலும் இந்த வேர்ப்புழுவின் தாய்வண்டு மொய்க்கும். கிளையை உலுக்கிப் பொறுக்கி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். ஒருவர் மட்டும் செய்து பலனில்லை, பக்கத்து வயலிலிருந்து பறந்து வரும். மட்காத எருவை வயலில் கொட்டவே கூடாது. தோப்புக்காரர் எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலக்கலாம். குழி ஈரமாக இருந்தால்தான் அது புழுவைப் பிடிக்கும்.

தென்னந்தோப்பு:
சரி, இனி தரையில் விட்டுப் பார்க்கிறேன். மல்லாந்தால் விடுகிறேன். சந்தேகம் என்றால் நசுக்கத்தான் செய்வேன் தம்பி, எனக்குத் தென்னை முக்கியம்.