அம்மா உயிரோட இருக்கும்போதே பிள்ளைங்கள ஏன் அனாதை இல்லத்துல விட்டாங்க?

கேள்வி:
அமெரிக்காவுல நூறு வருஷத்துக்கு முன்னாடி அனாதை இல்லத்துல வளர்ந்த பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருந்திருக்காங்கன்னு படிச்சேன், மனசே ஆறல. பெத்தவ இருக்கும்போது ஏங்க இப்படி? இத நிறுத்த சட்டம் எப்ப வந்துச்சு?

பதில் 1:
காசுதாங்க காரணம். புருஷன் செத்துட்டா அந்தம்மா துணி துவைக்கவோ தைக்கவோ போகணும், வர்ற கூலி வாடகைக்கே பத்தாது, பிள்ளைய பாத்துக்க ஆள் இருக்காது, அப்படியே விட்டுட்டுப் போனா கவனிப்பு இல்லாத குழந்தைன்னு கோர்ட்டு வரைக்கும் போயிடும். 1909ல ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில ஒரு மாநாடு கூட்டினார், ஏழ்மைங்கிற ஒரே காரணத்துக்காக பிள்ளைய வீட்டுலேருந்து பிரிக்கக்கூடாதுன்னு அங்க சொன்னாங்க. ஆனா பிள்ளைய வீட்டுலயே வளக்க அம்மாவுக்கு வேண்டிய பணத்த அரசாங்கம் குடுக்கறத விட தனியார் தர்மம் குடுத்தா நல்லதுன்னும் சேத்து சொல்லிட்டாங்க! அதையும் மீறி 1911ல இல்லினாய் முதல் மாநிலமா, அரசாங்கப் பணத்துலேருந்தே அம்மாவுக்கு உதவி குடுக்க சட்டம் போட்டுச்சு, 1920 வாக்குல சுமார் 40 மாநிலத்துல வந்துடுச்சு.

பதில் 2:
சின்ன திருத்தம், அதே 1911ல இல்லினாய்க்கு கொஞ்சம் முன்னாடியே மிசௌரியில ஒரு சட்டம் வந்துச்சு, ஆனா மாநிலம் முழுக்க இல்ல.

எனக்கு கோவம் வர்றது வேற விஷயத்துல. இல்லினாய்ல இந்தப் பணத்த சிறார் கோர்ட்டு ஜட்ஜ்தான் முடிவு பண்ணணும், அம்மா ஒழுக்கமானவளா வீடு சுத்தமா இருக்கான்னு ஆள் வந்து விசாரிப்பாங்க. 1913ல சட்டத்த இன்னும் இறுக்கி குடியுரிமை இல்லாத தாய்மார கழிச்சு விட்டாங்க, அந்த மாநிலத்து சிகாகோ மாதிரி ஊர்ல, வெளிநாட்டுலேருந்து பிழைக்க வந்தவங்கதான் அத்தன பேரு இருந்தாங்க, அவங்க எங்க போவாங்க? 1931ல நாடு முழுக்க எடுத்த கணக்குல உதவி வாங்கினவங்கள்ல 82 சதவீதம் விதவைங்க, கறுப்பினத் தாய்மார் வெறும் 3 சதவீதம். புருஷன் விட்டுட்டு ஓடினவ, கல்யாணம் ஆகாம பெத்தவ, அவங்க பிள்ளைக்கு மட்டும் பசிக்காதா?

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். மத்திய அரசு எப்ப உள்ள வந்துச்சு?

பதில் 1:
1935, சமூகப் பாதுகாப்புச் சட்டம். மாநிலம் குடுக்கற உதவியில மூணுல ஒரு பங்கு மத்திய அரசு தரும்னு அதுல இருந்துச்சு, ஆனா முதல் பிள்ளைக்கு மாசம் 18 டாலர், அடுத்தடுத்த பிள்ளைக்கு 12 டாலர்ங்கற கணக்குக்கு உட்பட்டுத்தான். அம்மா சாப்பாட்டுக்குன்னு அந்தக் கணக்குல ஒண்ணுமே கிடையாதுங்க, அவளையும் ஒரு ஆளா சேக்க 1950 ஆச்சு.