வார்னிஷ் வெளுத்துவிட்டது, ரிவெட்டும் தேய்ந்துவிட்டது: நாட்டிலஸ் கட்டுகிறேன், உதவி வேண்டும்

பாய்லர்காரர் (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். செம்பனை ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போன மாதம் மகள் நாட்டிலஸ் நீர்மூழ்கியின் பிளாஸ்டிக் கிட் ஒன்று வாங்கித் தந்தாள், 1/144 அளவு. ஜூல்ஸ் வெர்ன் கதையில் கப்பல் 70 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அந்தக் கணக்குப்படி மேசையில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. கப்பலின் தலைவர் நெமோ யார் என்று பிறகு வந்த கதையில் வெர்னே சொல்லிவிடுகிறார்: புந்தேல்கண்டு இளவரசர் டக்கார், 1857 கிளர்ச்சியில் வெள்ளைக்காரனை எதிர்த்து நின்றவர். அது தெரிந்த பிறகு இதை ஏனோதானோ என்று கட்ட எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல் இரண்டு. முதலாவது, சனிக்கிழமை மாலை மழை விட்டதும் வாசலில் வைத்துப் பளபளப்பு வார்னிஷ் அடித்தேன், ஸ்ப்ரே டின்தான். பத்து நிமிஷத்தில் கப்பலின் முதுகு முழுக்க வெளுத்துவிட்டது, யாரோ விபூதி பூசிவிட்டதுபோல. துணியால் துடைத்தாலும் போகவில்லை.

இரண்டாவதுதான் மனசை உறுத்துகிறது. இரண்டு பாதிகளை ஒட்டிய இடத்தில் இடைவெளியை அடைக்கும் புட்டிப் பசை வைத்துத் தேய்த்தபோது 23 ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) தலைகள் சேர்ந்து போய்விட்டன. எண்ணினேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆலையின் பின்புறம் ஒரு பழைய பாய்லர் டிரம் கிடந்தது, அதில் ரிவெட் தலை ஒன்றரை அங்குலம் இருக்கும். அதை 144-ஆல் வகுத்தால் கால் மில்லிமீட்டர். அவ்வளவு சின்னதை எப்படி மறுபடி வைப்பது?

பக்கவாட்டு ஜன்னல்களைச் சாயம் படாமலிருக்க ஏற்கெனவே மூடிவிட்டேன். இதற்கென்று கடையில் விற்கும், பூசிக் காய்ந்ததும் உரித்தெடுக்கும் மூடுதிரவத்திலும் ரப்பர் பால்தானே இருக்கிறது? பக்கத்து வீட்டு அண்ணன் இன்னும் இரண்டு ஏக்கர் பால்மரம் சீவுகிறார். அவரிடம் அரைக் கோப்பை பால் வாங்கி, உறையாமலிருக்க இரண்டு சொட்டு அமோனியா விட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் தூரிகையால் பூசினேன். காய்ந்ததும் கண்ணாடிபோல் தோல் பிடித்தது.

ஈப்போ ஸ்ப்ரேக்காரன்:

வணக்கம் ஐயா. நான் கார் சாயப் பட்டறையில் வேலை செய்கிறேன். இது எங்களுக்கு வாரத்துக்கு ஒரு தலைவலி. சாயத்தில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் சில்லிட்டுப் போகும். மழை விட்ட நேரத்தில் காற்றில் ஈரம் கூடுதல். அந்த ஈரம் சாயத்துக்குள்ளேயே படிந்து மாட்டிக்கொள்கிறது, அதுதான் வெள்ளை. மேலே ஒட்டியது இல்லை, அதனால்தான் துடைத்தால் போகவில்லை.

பயப்படாதீர்கள், தேய்த்து எடுக்கவும் வேண்டாம். வெயில் ஏறிய நாளில், பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை ஏர்பிரஷ்ஷில் (காற்றால் சாயம் தெளிக்கும் சின்னக் கருவி) பனிபோல் ஒரு கை மட்டும் விடுங்கள். மேல்பூச்சு இளகி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறி, தெளிந்துவிடும். அதிகமாக விட்டால் அடியில் உள்ள சாயமும் இளகும், பிளாஸ்டிக்கையும் தின்னும். முதலில் பாகங்கள் மாட்டி வந்த சட்டத்தில் அதே சாயம், அதே வார்னிஷ் அடித்துச் சோதித்துப் பாருங்கள். கம்ப்ரசரில் தண்ணீர் நின்றால் வடித்துவிடுங்கள். அப்புறம் முகமூடி போடாமல் அடிக்காதீர்கள் ஐயா.

பாகாவ் டீச்சர்:

அண்ணே, ரிவெட்டுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சட்டத்துண்டை மெழுகுவத்தி மேல் காட்டி, இளகியதும் இழுத்தால் தலைமுடி மாதிரி இழை வரும். அதைப் பிளேடால் வட்டு வட்டாக நறுக்கி ஒட்ட வேண்டும். இருபத்து மூன்றுக்கு அது பெரும்பாடு. மற்றது, மரம் ஒட்டும் வெள்ளைப் பசையை ஊசி முனையில் தொட்டுப் புள்ளி வைப்பது. காயும்போது சுருங்கும், அதனால் ஒரே இடத்தில் இரண்டு முறை வைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கதையில் கப்பலின் முதுகு கறுப்பாக, வழவழப்பாக இருக்கும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறிப் தரையில் வாழும் பெரிய ஊர்வனவற்றின் செதில்போல் தெரியும் என்றுதான் வருகிறது. பலரும் கப்பல் முழுக்கத் துருவை அப்பிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

பாய்லர்காரர் (சுங்கை சிப்புட்):

தம்பிக்கும் தங்கச்சிக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். முதலில் சட்டத்தில் சோதித்தேன், பிறகு பன்னிரண்டரை மணிக்குக் கப்பலின் மேல் ஒரே ஒரு கை. கண் முன்னாலேயே வெள்ளை விலகி அடியில் உள்ள கறுப்பு வந்தது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ரிவெட்டுக்கு ஊசிதான். கால் மில்லி என்று நான் போட்ட கணக்கு இங்கே உதவவில்லை, கிட்டில் இருப்பவை அதைவிடப் பெரியவை. பக்கத்து வரிசையோடு ஒத்துப்போக வேண்டுமே. அதனால் அந்த வரிசையின் இடைவெளியை ஒட்டுநாடாவில் பேனாவால் குறித்து, அதை இரண்டு பாதிகளும் சேரும் கோட்டின் ஓரத்தில் ஒட்டி, குறிக்கு ஒன்றாகப் பசை வைத்தேன். பாய்லரில் ரிவெட் ஒன்று தள்ளிப்போனால் தகட்டின் பலமே மாறிவிடும், அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. முதல் நாள் பதினைந்து, மறுநாள் எட்டு. சாயம் தொட்ட பிறகு எது பழையது, எது புதியது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் சொல்ல முடிகிறது.

துரு விஷயத்தில் தங்கச்சி சொன்னது சரி. இரும்பு கண்ட இடத்தில் துருப்பிடிக்காது, தண்ணீர் தங்கும் இடத்தில்தான் பிடிக்கும், பிறகு அங்கிருந்து கீழே வழியும். எங்கள் பழைய லயத்தின் தகரக் கூரையில் ஆணி அடித்த இடங்களைப் போய்ப் பார்த்தேன், ஒவ்வொன்றின் கீழும் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. அதுபோல் மேல்தளக் கதவின் கீல், விளக்குக் கூண்டின் அடிப்பகுதி, இந்த இரண்டு இடத்தில் மட்டும் எண்ணெய்ச் சாயத்தைத் தொட்டு வைத்து, தின்னரில் நனைத்த தூரிகையால் கீழே இழுத்துவிட்டேன். மற்ற இடம் கறுப்பாகவே இருக்கட்டும்.

கடைசியாக ஜன்னல். பால் தோலின் ஓரத்தைப் பல்குச்சியால் நெம்பினேன், கோப்பையிலிருந்து கட்டிப்பால் உரிப்பதுபோல் முழுசாக உரிந்து வந்தது. வெயில் காய்ந்த பிறகும் அதே வாசனை. உள்ளே நெமோவின் கூடம் தெளிவாகத் தெரிகிறது.