தெரு அம்மாக்கள் குழு, பாம்பன்

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், இரவு 8:40

கடல்பாசி எடுக்கப் போகும் மதினி: நாளைக்கு விடிகாலையில் வற்றம், கடல் தண்ணீர் இறங்கிவிடும். ஐந்து மணிக்கு எங்கள் படகு, வத்தை, கிளம்பிவிடும். இவர் கடலில் இருக்கிறார், மாமியாருக்குக் காய்ச்சல். அங்கன்வாடி திறக்கும் வரைக்கும் சின்னவனை யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா?

கடைசி வீட்டு அக்கா: என்னிடம் விடு. தூக்கத்தோடு தூக்கி வந்து பாயில் கிடத்திவிட்டுப் போ.

மதினி: போன மாசமும் உங்களிடம்தான் விட்டேன் அக்கா. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

நான்: கூச்சம் எதற்கு மதினி? அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். மாசத்துக்கு 12 நாள்தான் பாசிக்குப் போகிறீர்கள், அதுவும் முன்பே தெரிந்த நாள். நாலு வீடு ஆளுக்கு மூன்று நாள் பிரித்துக்கொள்வோம். காலண்டரில் நானே எழுதி இங்கே போட்டோ போடுகிறேன்.

மதினி: நேற்று அவனை அடித்துவிட்டேன். விடிந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் முங்கி, விரலெல்லாம் பாறை கிழித்து வந்திருந்தேன். சோறு ஊட்டினால் துப்பினான். போன் கொடுத்தால்தான் வாய் திறப்பான். அடி வாங்கிவிட்டு என் மடியிலேயே வந்து படுத்து அழுதான். ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

பெரியம்மா: நாங்கள் ஏழு பெற்றோம். போன் காட்டியா வளர்த்தோம்?

கடைசி வீட்டு அக்கா: அப்போது ஒரே முற்றத்தில் ஆச்சி, சித்தி, அத்தை என்று எத்தனை பேர் இருந்தீர்கள் பெரியம்மா. இவள் ஒற்றை ஆள்.

பெரியம்மா: அதுவும் சரிதான். குறை சொல்லவில்லை தாயி. மத்தியானம் அவனை இங்கே அனுப்பு. காரமில்லாமல் மீன் அவித்து, முள் எடுத்து நான் ஊட்டுகிறேன்.

மதினி: அப்புறம் இன்னொன்று. வரும் மாசம் மூன்று வயது முடிகிறது. இன்னும் 'அம்மா', 'தா', 'தண்ணி' மட்டும்தான். அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார் என்கிறார் மாமியார். நான் அடித்ததால்தான் பேச்சு வரவில்லையோ?

அங்கன்வாடி டீச்சர்: ஒரு அடியால் பேச்சு நிற்காதும்மா, அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் காத்திருக்கவும் வேண்டாம். இரண்டு வயதிலேயே 'பால் தா' என்று இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டும். முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். முதுகுப் பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். போனை இந்த வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே 2019ல் சொல்லியிருக்கிறது. ஊட்டும்போது போனுக்குப் பதில் நீங்கள் பேசுங்கள்.

டீச்சர்: உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தூக்கமில்லாமல் அழுகை தொடர்ந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். மனசு சரியில்லாதவர்களுக்கான அரசு எண், காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.

நான்: டீச்சர், வற்ற நாளில் மட்டும் அங்கன்வாடியைச் சீக்கிரம் திறக்க முடியாதா?

டீச்சர்: நானாகத் திறக்க முடியாது. மேலே அனுமதி வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுங்கள்.

நான்: பாசிக்குப் போகும் எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்குவோம். மனுவை நான் எழுதுகிறேன். மதினி, இந்த வற்றம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன்.

மறுநாள், விடிகாலை 4:45

மதினி: அக்கா, வாசலில் நிற்கிறேன்.

காலை 7:50

கடைசி வீட்டு அக்கா: எழுந்ததும் உன்னைத் தேடிக் கொஞ்ச நேரம் அழுதான். இப்போது கோழிக்கு அரிசி போடுகிறான். பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்று தடவையில் ஒரு தடவைதான் திரும்பினான்.

மத்தியானம் 12:20

மதினி: இப்போதுதான் கரை ஏறினேன், பார்த்தேன். நாளைக்கு வத்தைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நாளைக்கே போவோமா?

நான்: போவோம். ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். அவனுடைய தடுப்பூசி அட்டையை எடுத்து வையுங்கள்.