ரிசர்ச் ட்ரெய்னிங்னு சேர்ந்தா பாட்டில் கழுவ விடுறாங்க, டீம் மாறலாமா?

கெமிபொண்ணு
எல்லாருக்கும் வணக்கம். நான் பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம். லீவுல சுற்றுச்சூழல் சுகாதார ரிசர்ச் ட்ரெய்னிங்ல சேர்ந்திருக்கேன். குடிதண்ணில இருக்கிற ஈயம், ஆர்சனிக் சின்ன பிள்ளைங்க உடம்ப எப்படி பாதிக்குதுன்னு பார்க்கிற ஒரு பெரிய ஸ்டடி அது. ரொம்ப ஆசையா வந்தேன். ஆனா இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் பாட்டில நைட்ரிக் ஆசிட்ல ஊற வைக்கிறது, சுத்தமான தண்ணில திரும்ப திரும்ப அலசுறது, லேபிள் ஒட்டுறது, அவ்வளவுதான். கூட சேர்ந்தவங்க டேட்டா டீம்ல உக்காந்து ஆர்-ங்கிற சாஃப்ட்வேர்ல கிராஃப் போடுறாங்க. கடைசில ஆளுக்கொரு போஸ்டர் வைக்கணுமாம், நான் எதை வைக்கிறது? கைடுகிட்ட டீம் மாத்தி கேக்கலாமா, தப்பா எடுத்துப்பாங்களா?

ஈயத்தேடல்
மாறாதீங்கம்மா, கொஞ்சம் பொறுங்க. ஈயத்த பொறுத்தவரை பாட்டில் கழுவுறதுலதான் பாதி சயின்ஸே இருக்கு. கிளேர் பேட்டர்சன்னு ஒருத்தர், விண்கல்லுல இருக்கிற ஈயத்த அளந்து பூமியோட வயசு சுமார் 455 கோடி வருஷம்னு 1956ல சொன்னவர். ஆரம்பத்துல அவருக்கு நம்பர் எதுவுமே சரியா வரல, ஏன்னா லேப் தூசி, கெமிக்கல், கண்ணாடி சாமான்னு எல்லாத்துலயும் ஈயம் இருந்துச்சு. எல்லாத்தையும் ஆசிட்ல கழுவி, வடிகட்டின காத்து வர்ற ரூம் கட்டினதுக்கு அப்புறம்தான் கணக்கு நின்னுச்சு. அப்படி சுத்தமா அளக்க பழகினதாலதான், மனுஷங்க உடம்புல இயற்கையா இருக்க வேண்டியதவிட கிட்டத்தட்ட 100 மடங்கு ஈயம் ஏறியிருக்குன்னு 1965ல அவரால எழுத முடிஞ்சுது. ஈயம் கலந்த பெட்ரோலுக்கு எதிரா அப்ப கிளம்பின சண்டை, 2021லதான் உலகத்துல எந்த நாட்டுலயும் காருக்கு அது விக்கிறதில்லைங்கிற நிலைக்கு வந்துச்சு.

உங்க ஸ்டடிக்கு வருவோம். குடிதண்ணில ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், ஆர்சனிக்குக்கும் அதே 10தான். அதாவது நூறு கோடியில பத்து பங்கு. விரல் பட்டாலே மாறிடுற அளவு இது. ஃபீல்டுக்கு சுத்தமான தண்ணிய எடுத்துட்டு போய், அங்க மூடிய தொறந்து, சாம்பிளுக்கு ஊத்துற அதே ஆசிட்ட ஊத்தி திருப்பி கொண்டு வருவாங்கல்ல, பிளாங்க்னு சொல்ற அந்த தண்ணில 2 வந்து, ஒரு வீட்டு சாம்பிள்ல 4 வந்தா என்ன சொல்வீங்க? அதுல பாதி அந்த வீட்டு தண்ணியோடதே இல்லாம இருக்கலாம். எல்லா பிளாங்க் ரிசல்ட்டையும் வாங்கி வச்சு, எந்த நாள், எந்த ஆசிட் பேட்ச், யார் எடுத்ததுன்னு பிரிச்சு பாருங்க. போஸ்டர் அதுலயே இருக்கு.

பிவேல்யூ
மேல சொன்னது அத்தனையும் சரி, ஆனா ஒரு விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். ட்ரெய்னிங்னு கூப்பிட்டுட்டு கை வேலைய மட்டும் வாங்கினா அது ட்ரெய்னிங் இல்ல. வாரத்துல ஒரு பொழுது டேட்டா டீமோட உக்கார விடுங்கன்னு தைரியமா கேளுங்க, அது உங்க உரிமை. அங்க போனா முதல்ல பார்க்க வேண்டியது, மெஷின் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு கம்மியா இருக்கிற சாம்பிள என்ன பண்றாங்கன்னு. சில பேரு பூஜ்யம் போடுவாங்க, சில பேரு அந்த வரியையே தூக்கிடுவாங்க. தூக்கினா நல்ல தண்ணி வர்ற வீடெல்லாம் காணாம போய் சராசரி ஏறிடும். கண்டறியும் எல்லைய ரூட் ரெண்டால வகுத்து போடுறது ரொம்ப பேர் செய்ற வழி, அதுவும் அந்த மாதிரி சாம்பிள் நிறைய இருந்தா சரிப்படாது. இதெல்லாம் லேப்ல நின்னவங்களுக்குத்தான் சட்டுனு புரியும், அந்த வகையில நீங்க முன்னாடி இருக்கீங்க.

களப்பணி அக்கா
தங்கச்சி, ஒரு தடவையாவது சாம்பிள் எடுக்க வீடுகளுக்கு போ. குழாய் ஈயம் பார்க்கணும்னா குறைஞ்சது 6 மணி நேரம் யாரும் குழாயத் தொறக்காம இருந்து, முதல்ல விழற தண்ணிய பிடிக்கணும். அப்படின்னா விடிகாலைல அந்த வீட்டம்மா தூக்கத்துல எழுந்து நமக்காக அத ஞாபகம் வச்சு பிடிக்கணும். ராத்திரி யாராவது கை கழுவியிருந்தா சாம்பிள் போச்சு, அத திட்டாம கேட்டு எழுதிக்கணும். இன்னொண்ணு, "இத பிள்ளைக்கு குடுக்கலாமா, கொதிக்க வச்சா போயிடுமா"ன்னு கண்டிப்பா கேப்பாங்க. கொதிக்க வச்சா ஈயம் போகாது, தண்ணி வத்தி இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும், இத தயங்காம சொல்லிடு. ஆனா அவங்க வீட்டு ரிசல்ட்ட வாய்க்கு வந்தபடி சொல்லாத, யார் எப்போ எப்படி தெரிவிக்கணும்னு எதிக்ஸ் கமிட்டிகிட்ட ஒத்துக்கிட்ட முறை இருக்கும், அத வாங்கிப் படி. ரிசல்ட் அவங்க கைக்கு போய் சேரவே இல்லன்னா நாம அந்த வீட்டு வாசல்ல போய் நின்னதுக்கு அர்த்தமே இல்ல.

கெமிபொண்ணு
ரொம்ப நன்றி அக்கா, நன்றி எல்லாருக்கும். பிளாங்க் ஷீட் கேட்டேன், கைடு உடனே குடுத்துட்டாங்க, சந்தோஷமாவும் இருந்தாங்க. பார்த்த வரைக்கும் ஒரே ஒரு ஆசிட் பேட்ச்ல மட்டும் ஈயம் கூட காட்டுது. அந்த பேட்ச் போட்ட சாம்பிளயெல்லாம் தூக்கிடணுமா?

ஈயத்தேடல்
உடனே தூக்காதீங்க. அந்த ஆசிட்டு பாட்டில் இன்னும் இருந்தா அதையே தனியா மெஷின்ல ஓட விடுங்க. அதுலயும் ஈயம் வந்தா அந்த பேட்ச் சாம்பிளயெல்லாம் குறிச்சு வச்சு கைடுகிட்ட காட்டுங்க, திரும்ப எடுக்கணுமா கழிச்சு கணக்கு போடலாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். ஆசிட்டு சுத்தமா இருந்தா அந்த சாம்பிள் பாட்டிலோட மூடிகள பாருங்க.