புதுப்பிப்பு: நரம்பு ஆபரேஷன் வேண்டாம் என்று விட்டாச்சு

விந்து முந்துதலுக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கிளினிக்கில் "நரம்பை வெட்டினால் சரியாகிவிடும்" என்றார்கள். அப்புறம் சேலத்திலேயே வேறொரு யூராலஜிஸ்ட்டைப் பார்த்தேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார்: ஆணுறுப்பின் மேற்புறத்தில் ஓடும் உணர்வு நரம்புக் கிளைகள் சிலவற்றை வெட்டுவதுதான் அந்த ஆபரேஷன். வெட்டியது வெட்டியதுதான். நிரந்தரமாக மரத்துப்போகலாம், வலி தங்கலாம், விறைப்பும் கெடலாம். பாலியல் மருத்துவத்துக்கான சர்வதேச சங்கமும் இதைப் பரிந்துரைப்பதில்லையாம். கிளினிக்கில் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை!

இப்போதைக்கு உறுப்பில் தடவும் லிடோகைன்-பிரிலோகைன் என்ற மரப்புக் களிம்பு. உறவுக்கு முன் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மனைவிக்கும் மரத்துப்போகும். பலனில்லை என்றால் டபாக்ஸிடின். உறவுக்கு 1 முதல் 3 மணி நேரம் முன்னால் போடும் மாத்திரை. தலைசுற்றல் வரலாம் என்பதால் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாராம். முன்பு கேட்டபோது ஏற்காடு லேகியம் சாப்பிடச் சொன்ன அண்ணா, மன்னிக்கவும், அது வேண்டாம்.