கிராணி ஐயாவ தெரிஞ்சவங்க இங்க எழுதுங்க

நேத்து ஐயாவோட 16ஆம் நாள் காரியம் முடிஞ்சுச்சு. பந்தல்ல பாதிப் பேரு வெளிநாட்டுப் பசங்க, ஒரு சூடான் பையன் வேட்டி நிக்காம மேல பெல்ட் போட்டுக்கிட்டு சாப்பாடு பரிமாறுறான். அங்க பேசிக்கிட்டதெல்லாம் மறந்து போயிடும்லா, அதான் எழுதச் சொல்றேன், நானே ஆரம்பிக்கிறேன்.

நான் பினாங்கு குளுகோர்ல பொறந்து வளந்தவன், ஐயா வீடு ரெண்டு வீடு தள்ளி. எஸ்டேட்ல கிராணியா, அதான் ஆபீஸ் கிளார்க்கா, இருந்து ரிட்டையர் ஆனவரு, யூனிவர்சிட்டிப் பக்கம் ஒரு நாள்கூட வேலை பாத்ததில்ல. ஆனா யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மிண்டன் கேம்பஸுக்குப் புதுசா வர்ற வெளிநாட்டுப் பசங்களுக்கு ஆபீஸ் எங்க இருக்குன்னு தெரியுதோ இல்லையோ, ஐயா வீட்டுத் தாழ்வாரம் தெரிஞ்சிரும். எல்லாம் ரைஸ் குக்கராலதான். படிப்பு முடிஞ்சு ஊருக்குப் போறவன் குக்கரையும் ஃபேனையும் ஃப்ளைட்லயா தூக்கிட்டுப் போவான், குப்பைத் தொட்டிக்கிட்ட வச்சிட்டுக் கிளம்பிடுவான், ஐயா அதை மோட்டார் சைக்கிள்ல கட்டிக் கொண்டாந்து வயர் மாத்தி, அடிப்பிடிச்ச சட்டிய புளி போட்டுத் தேச்சு, அடுத்து வர்றவனுக்குக் குடுத்துருவாரு. ஒரு வெள்ளி (ரிங்கிட்) வாங்க மாட்டாரு. குக்கர் அடியில டேப் ஒட்டி ஊர் பேர எழுதணும், போறப்ப கழுவித் திருப்பித் தரணும், அவ்வளவுதான். ஒரு குக்கரக் கவுத்துப் பாத்தேன், ஏமன், அது மேல பங்களாதேஷ், அது மேல நைஜீரியா, கடைசியா மதுரை.

*

மதுரைக்குப் பிறகு யாழ்ப்பாணம் அண்ணை, அது நான்தான். 2013ல வந்தனான். முதல் நாள் வாசல்ல நிக்கேக்கயே "பசியாறியாச்சா"ன்னு கேட்டார், நான் ஏதோ கோபத்தை ஆத்தச் சொல்லுறாராக்கும் எண்டு முழிச்சுக்கொண்டு நிண்டன், இங்க காலைச் சாப்பாட்டுக்கு அப்பிடிச் சொல்லுறவை எண்டு எனக்கு என்ன தெரியும்.

சுங்கை டுவாவில பிளாட் எடுக்கிறதெண்டால் ரெண்டு மாச டெபாசிட், கரண்டு தண்ணிக்கு அரை மாசம், முதல் மாச வாடகை, மொத்தம் மூண்டரை மாசக் காசு கையில வேணும். அதில டெபாசிட்டைத் திருப்பி வாங்குறதுதான் பெரும்பாடு, "சுவரைப் பழுதாக்கிப் போட்டாய்" எண்டு ஓனர் வெட்டிப்போடுவார், ஊருக்குப் போற அவசரத்தில பெடியளும் விட்டிட்டுப் போயிடுவினம். ஐயா என்ன செய்தவர் எண்டால், சாவி வாங்க முதலே என்னோட வந்து மீட்டர் நம்பரை எழுதி, சுவரில கிடந்த ஒவ்வொரு கறையையும் படம் எடுக்க வைச்சு, ஒரு கொப்பித் தாளில ஓனரிட்டக் கையெழுத்தும் வாங்கிட்டார். ஓனரின்ர முகம் கறுத்துப் போச்சு. நான் வெளிக்கிடேக்க ஒரு சதம் குறையேல்ல.

*

எல்லாரும் தெய்வம் ரேஞ்சுக்கு எழுதுறீங்க, ஐயாவுக்கு வாய் ஜாஸ்தி, அதையும் யாராவது சொல்லணும்ல. நான் கோலாலம்பூர்லேருந்து வந்த லோக்கல் ஸ்டூடன்ட். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட்லேருந்து தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் வர்ற வழியெல்லாம் தேங்காய் ஒடைப்பாங்க, ரோடே தெரியாது, வெள்ளைவெளேர்னு கிடக்கும். ஐயா பத்துப் பதினஞ்சு வெளிநாட்டுப் பசங்கள கையில விளக்குமாறு குடுத்து எறக்கி விட்டுட்டாரு. நான் ஓரமா நின்னு போன்ல வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேன். அத்தனை பேரு முன்னாடி, "உன் சாமிக்கு ஒடைச்ச தேங்காய கென்யாக்காரன் அள்றான், நீ படம் புடிக்கிறியா"ன்னுட்டாரு. ரெண்டு வாரம் அந்தத் தெருப் பக்கமே போகல. இப்பவும் கொஞ்சம் ஓவர்னுதான் நெனைக்கிறேன். ஆனா அந்தக் கென்யாக்காரன் அடுத்த வருஷம் யாரும் கூப்பிடாமயே ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட வந்து நின்னான், நானும் போனேன், ஐயா ஒண்ணும் பேசல, எங்கிட்டயும் ஒரு விளக்குமாற நீட்டுனாரு.

*

நான் எழுதறது உங்க எல்லாருக்கும் முன்னாடி, 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. சுனாமி நம்ம பத்து ஃபெரிங்கி கடற்கரைப் பக்கமும் அடிச்சுச்சு, ஊரே அந்தப் பேச்சா இருந்துச்சு. அப்ப ஐயாகிட்ட ஃபேன் வாங்குன இந்தோனேசியா அச்சே பையன் ஒருத்தன் இருந்தான், பண்டா அச்சேக்கு லைனே கிடைக்கல, ஐயா வீட்டுப் போன்லேருந்து அமுக்கிக்கிட்டே இருக்கான். ஐயா ஆறுதல்னு ஒரு வார்த்தை சொல்லல. பக்கத்துல நாற்காலி போட்டு ஒக்காந்து, அவன் கை ஓஞ்சா இவரு அமுக்குறாரு, இவரு ஓஞ்சா அவன். ராத்திரி பூரா. நாலாவது நாளு அவன் சித்தப்பா மேடான்லேருந்து பேசுனாரு, அம்மா இல்லன்னு. இதுக்கு மேல என்னால எழுத முடியல.

*

கொரோனாவுக்காக எம்சிஓ, அதான் நடமாட்டக் கட்டுப்பாடு, 2020 மார்ச் 18ல ஆரம்பிச்சப்ப நாங்க நாலு பேரு பிளாட்ல மாட்டிக்கிட்டோம், வீட்டுக்கு ஒரு ஆள்தான் வெளிய போலாம், ஐயாவுக்கோ வயசாச்சு. தினம் ராத்திரி 8 மணிக்குப் போன் வரும், "அரிசி எவ்ளோ இருக்கு"ன்னு மட்டும் கேப்பாரு, நல்லா இருக்கியான்னெல்லாம் கேக்க மாட்டாரு. கம்மின்னு சொன்னா மறுநாள் செக்யூரிட்டி கார்ட்கிட்ட 5 கிலோ பை வந்திருக்கும். யார் கொண்டாந்தாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல.

*

அது நான்தான் தம்பி, நல்ல வேளை உங்க பிளாட் எங்க வீட்டுக்குப் பக்கம்.

சரி, அடுத்த இன்டேக் பசங்க வரப் போறாங்க, தாழ்வாரத்துல இன்னும் 11 குக்கர் கிடக்கு. ஸ்டோர் சாவி அத்தைகிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை 10 மணிக்குள்ள போங்க, அப்புறம் கோயிலுக்குப் போயிடுவாங்க. ரெண்டுக்கு வயர் மாத்தணும், ஒண்ணுக்கு மூடி இல்ல, 1.8 லிட்டர் சைஸ், யார் வீட்லயாவது சும்மா கெடந்தா கொண்டாங்க.