என் கை தானாகச் செய்வதை மெஷினுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? (ஐபிஎஸ் செல் வளர்ப்பு)

கண்ணாடித்தட்டு:

வணக்கம். பதினோரு வருடமாக ஸ்டெம் செல் வளர்க்கிறேன். இப்போது எங்கள் ஆய்வகத்தில் ஐபிஎஸ் செல்லில் (சாதாரண உடல் செல்லைத் திரும்ப ஸ்டெம் செல்லாக மாற்றியது) இருந்து விழித்திரை நிறமிச் செல் உண்டாக்குகிறோம். இரண்டு மாதத்துக்கு முன் ரோபோ கை வைத்த கல்ச்சர் மெஷின் வந்தது. மீடியா (செல்லுக்கான ஊட்டத் திரவம்) மாற்றுவது, பாசேஜ் (நெருக்கமாக வளர்ந்த செல்லைப் பிரித்துப் புதுத் தட்டில் போடுவது), படம் எடுப்பது எல்லாம் அதுவே செய்யும்.

நான் இதற்கு எதிரி இல்லை. இந்தச் செல்லுக்குக் கிட்டத்தட்ட தினமும் மீடியா மாற்றியாக வேண்டும். ஞாயிறு, காய்ச்சல், வீட்டு விசேஷம் எதுவும் அதற்குத் தெரியாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நானும் கூட வேலை செய்பவரும் ஒரே செல் லைனை (ஒரே மூலத்திலிருந்து வந்த செல்), ஒரே எஸ்ஓபியை (எழுதி வைத்த செய்முறை) வைத்துத்தான் வளர்க்கிறோம். ஆனாலும் என் பிளேட் ஒரு மாதிரி வரும், அவருடையது வேறு மாதிரி வரும். ஒருவர் கண்ணுக்குள் வைக்கப்போகிற செல்லின் தரம், அன்றைக்கு யார் ஷிஃப்ட் என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். மெஷின் வளர்த்த முதல் பிளேட்டை ஒன்பதாம் நாள் எடுத்துப் பார்த்தேன். பிளேட்டின் ஆறு வெல்லிலும் (குழியிலும்) ஒரே பக்கத்தில், பிறை வடிவத்தில், செல்லே இல்லை. தொற்று இல்லை, கோட்டிங்கிலும் குறை இல்லை. மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது: அது தினமும் அதே புள்ளியில், அதே வேகத்தில் மீடியாவை இறக்குகிறது. ஒன்பது நாள் ஒரே இடத்தில் அடித்தால் அங்கே எந்தச் செல் நிற்கும்? எஸ்ஓபியில் நான் எழுதியிருந்தது, "சுவர் ஓரமாக மெதுவாக விடவும்". அந்த "மெதுவாக" எவ்வளவு என்று இத்தனை வருடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை.

பாசேஜ் இன்னும் கஷ்டம். எழுத்தில் இருப்பது "70–80 சதவீதம் நிரம்பியதும்". உண்மையில் நான் சதவீதம் பார்ப்பதே இல்லை. காலனியின் (செல் கூட்டத்தின்) ஓரம் வழவழப்பாகப் பளிச்சென்று இருக்கிறதா, நடுப்பகுதி அடர்ந்து வெளுக்க ஆரம்பித்துவிட்டதா என்றுதான் பார்க்கிறேன். வெளுத்திருந்தால் இன்றே பிரித்தாக வேண்டும், நாளைக்குத் தள்ள முடியாது. இதை எப்படி எழுதுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், ரோபோ கை சரியான வழிதானா, இல்லை மூடிய பயோரியாக்டருக்கு (செல்லைத் திரவத்தில் கலக்கி வளர்க்கும் தொட்டி) போயிருக்க வேண்டுமா?

முப்பத்தேழு டிகிரி:

உங்கள் பிறை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பிளேட்டிலும் வந்தது. கைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தப்பும். அந்தத் தப்பே செல்லைக் காப்பாற்றிவிடும். மெஷின் தப்பினால் தினமும் ஒரே மாதிரி தப்பும்.

முதலில் உங்கள் கையை வீடியோ எடுங்கள். ஹூட்டுக்குள் (சுத்தக் காற்று வரும் வேலைப் பெட்டி) மேலிருந்து ஒரு கேமரா, பக்கத்திலிருந்து ஒன்று. பத்து நாள் போதும். விநாடிக்கு எத்தனை மைக்ரோலிட்டர் விடுகிறீர்கள், பிப்பெட் முனை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, பிளேட்டை எந்தக் கோணத்தில் சாய்க்கிறீர்கள் என்று எல்லாவற்றையும் அதிலிருந்து எண்ணாக எழுதுங்கள். எஸ்ஓபியில் "மெதுவாக", "லேசாக", "தேவைப்பட்டால்" என்று வரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் வேண்டும்.

எண் கிடைத்த பிறகு மெஷினையே தேட விடலாம். உங்கள் செல் வகையிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தின் குழு, மஹோலோ என்ற இரண்டு கை ரோபோவை வைத்து ஐபிஎஸ் செல்லில் இருந்து விழித்திரை நிறமிச் செல் உண்டாக்கியது. ஆய்வு 2022இல் வெளிவந்தது. மருந்தின் அளவு, எத்தனை நாள், பிப்பெட் வேகம் என்று ஏழு அளவீடுகள். சேர்த்துப் பார்த்தால் 20 கோடி வாய்ப்புகள். 111 நாளில் 144 நிலைமைகளை மட்டும் சோதித்து, முன்பிருந்ததைவிட நிறமி மதிப்பெண்ணை (செல் எவ்வளவு நிறமேறியிருக்கிறது என்ற அளவு) 88 சதவீதம் உயர்த்தினார்கள். அடுத்து எதைச் சோதிப்பது என்று மென்பொருள் தேர்ந்தெடுத்தது. செல்லுக்கு எது முக்கியம் என்ற பட்டியலைக் கொடுத்தவர்கள் மனிதர்கள்தான். அந்த இடத்தில் நீங்கள் இல்லாமல் முடியாது.

பாசேஜுக்கு: தினமும் மெஷின் எடுக்கும் படத்தில் "இன்று", "நாளை", "தாமதமாகிவிட்டது" என்று மூன்றில் ஒன்றைக் குறித்துக்கொண்டே வாருங்கள். உங்கள் சகாவும் தனியாகக் குறிக்கட்டும். நீங்கள் இருவரும் எங்கே வேறுபடுகிறீர்களோ, அந்தப் படங்களை வைத்து உட்கார்ந்து பேசுங்கள். எங்களுக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது அந்தப் பேச்சுதான்.

கலக்கித்தொட்டி:

ரோபோ கையா, தொட்டியா என்பதற்கு முன் ஒரு கேள்வி: ஒரு நோயாளிக்கு எத்தனை செல் வேண்டும்?

கண்ணுக்கு மிகக் குறைவு. 2014இல் ஜப்பானின் கோபே நகரில் உலகிலேயே முதல்முறையாக நோயாளிக்கு வைத்த ஐபிஎஸ் செல் படலத்தின் அளவு 1.3க்கு 3 மில்லிமீட்டர்தான். இதற்குத் தட்டும் ரோபோ கையும் போதும். முதல் வகைச் சர்க்கரை நோய்க்கான சிகிச்சையைப் பாருங்கள். ஸ்டெம் செல்லில் இருந்து உண்டாக்கிய இன்சுலின் சுரக்கும் செல்களை ஏற்றிய ஆய்வு 2025இல் வெளியானது. ஒருவருக்கு 80 கோடி செல். முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். அதைத் தட்டில் வளர்த்து எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? கலக்கித் தொட்டிக்குள் போயே தீர வேண்டும்.

தொட்டிக்கும் அதன் பாடு உண்டு. தனித்தனியாகப் பிரித்தால் இந்தச் செல் செத்துவிடும். 2007இல் ஜப்பானின் சசாய் குழு, அந்தச் சாவைக் குறைக்கும் வை-27632 என்ற ராக் தடுப்பானை (ராக் என்ற நொதியை அடக்கும் மருந்து) காட்டிய பிறகுதான் பிரிக்கவே தைரியம் வந்தது. உருண்டைகளாக வளரும்போது கலக்கும் வேகம் குறைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, நடுவில் ஆக்சிஜன் போகாமல் அழுகும். வேகம் கூடினால் அடிபட்டுச் சிதறும். உங்களுக்கு இப்போது அந்தத் தலைவலி தேவையில்லை.

ஆனால் மூடிய அமைப்பு என்ற யோசனையை விட்டுவிடாதீர்கள். தட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தொற்றுக்கு ஒரு வழி. குழாயும் பையுமாக முழுக்க மூடிவிட்டால் சுற்றியுள்ள சுத்த அறையின் தரத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

ஆர்க்கிட்:

நான் தரப் பரிசோதனைப் பக்கம். ஒன்று மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: மெஷினிடம் "அதிகம் வளர்வதைத் தேர்ந்தெடு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

ஐபிஎஸ் செல்லில் 20ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு, 20கியூ11.21, கூடுதல் பிரதியாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதில் செல் சாவைத் தடுக்கும் ஒரு ஜீன் இருப்பதால் அந்தச் செல் மற்றவற்றை முந்தி வளரும். தட்டில் பார்த்தால் ஆரோக்கியமான, அழகான காலனி. வளர்ச்சியை மட்டும் அளந்தால் மெஷின் அதைத்தான் பொறுக்கும், அதுவும் வாரா வாரம் சலிக்காமல். சாதாரண கேரியோடைப்பில் (குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) இந்தச் சின்ன மாற்றம் பல நேரம் தப்பிவிடும். அதற்கென்று தனியாக கியூபிசிஆர் அல்லது ஃபிஷ் (அந்தத் துண்டின் பிரதிகளை எண்ணும் சோதனைகள்) பார்க்க வேண்டும். கோபேயில் இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்லில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும் அதைக் கண்ணில் வைக்காமல் நிறுத்தினார்கள். அந்த முடிவை எடுக்கத் தரவு கையில் இருக்க வேண்டும்.

உங்கள் வேகம் திடீரென்று கூடினால் சந்தோஷப்படுவதற்கு முன் எங்களுக்கு ஒரு குழாய் செல் அனுப்புங்கள்.

கண்ணாடித்தட்டு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

வீடியோ எடுத்தோம். பார்த்து அசந்துபோனேன். ஒவ்வொரு முறையும் மீடியா விடுவதற்கு முன் பிளேட்டைக் கொஞ்சம் திருப்புகிறேன். இது எனக்கே தெரியாது. விட்ட பிறகு கையை எடுக்காமல் இரண்டு விநாடி நிற்கிறேன், கடைசிச் சொட்டு தானாகச் சுவரில் இறங்கும் வரை. என் சகா அந்த இரண்டு விநாடி நிற்பதில்லை. எங்கள் இருவர் பிளேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் இதற்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். தினமும் வேறு புள்ளி, பாதி வேகம், கடைசியில் இரண்டு விநாடி நிறுத்தம் என்று மெஷினில் மாற்றினோம். பிறை போய்விட்டது.

படங்களில் "இன்று", "நாளை" குறிக்கும் வேலை நடக்கிறது. நாங்கள் எதிரும் புதிருமாகக் குறித்த படங்களை அச்செடுத்து மேஜையில் பரப்பி வைத்திருக்கிறோம். பெரும்பாலும் நடுப்பகுதி வெளுப்பதில்தான் தகராறு. அவருக்கு அது தெரியும்போது எனக்கு ஒரு நாள் முன்பே தெரிந்திருக்கிறது. அந்த வெளுப்பைப் படத்தின் பிரகாச அளவாக எடுக்க முடியுமா என்று இப்போது பார்க்கிறோம்.

ஆர்க்கிட், 20கியூ சோதனையை ஐந்து பாசேஜுக்கு ஒருமுறை என்று எஸ்ஓபியிலேயே சேர்த்துவிட்டேன். முதல் குழாய் நாளை காலை கிளம்புகிறது.